விளையாட்டும் குத்தகையும்

வையம்பட்டியிலிருந்து நமது வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் நமக்குக் கிடைத்தது. திருச்சியினின்றும் திண்டுக்கல் செல்லும் ரஸ்தாவில், மணப்பாறையைத் தாண்டி இருக்கும் அவ்வூரில் அவருக்குச் சிறிது மானாவாரி நிலமும், ஒரு பலசரக்குக் கடையும் உண்டு. அவருடைய மகன் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். அவன் வீடியோ விளையாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டி வந்தான். பரீட்சை நெருங்கவே நிறுத்திவிட்டதாக எண்ணினான். ஆயினும் அதன் பின்னரும் இரண்டு மாதம் தகப்பனாரின் பாங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமன்று. அன்பர் நம்மைக் கேட்பது இதுதான்: இந்த விளையாட்டுகளும் இவற்றின் சந்தாவும் கொடுக்கிற பணத்துக்குத் தகுமா? அன்றி, இவற்றை அடியோடு வீட்டை விட்டு விலக்குவதே நலமா?

தேசியப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நாம் அவ்விதம் எண்ணவில்லை. எந்த விஷயத்தில் நமது வாலிபர்களின் பொழுதும், குடும்பங்களின் பணமும், தேசத்தின் கைத்திறனும் ஒருங்கே சம்பந்தப்பட்டிருக்கின்றனவோ, அந்த விஷயம் ராஜீய விஷயமே ஆகும். துணியும் உப்பும் ஒரு காலத்தில் வீட்டுக் காரியங்களாகவே கருதப்பட்டன என்பதை நமது வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். விளையாட்டு என்பது இழிந்த பொருளன்று. ஆடுபுலியும் பல்லாங்குழியும் தாயமும் ஆடிப் பழகிய ஜனங்கள் நாம். சதுரங்கப் பலகையின் முன் சிறு வயதிலிருந்து உட்கார்ந்த சென்னைச் சிறுவன் குகேஷ், 2024ம் வருஷம் டிசம்பர் மாதம் சிங்கப்பூரில், தமது 18வது வயதில் உலகச் சாம்பியன் பட்டத்தைக் கைக்கொண்டார். பொழுதை விளையாட்டில் வீணாக்குகிறான் என்று பக்கத்து வீட்டார் முணுமுணுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று தேசத்துக்குக் கீர்த்தி தேடித் தருகின்றனர். ஆகவே திரையில் ஆடுவதனாலேயே ஒரு விளையாட்டு கெட்டதாகிவிடாது. யோசனை, பொறுமை, கை நிதானம், கதையின் சுவை ஆகியவற்றை நல்ல வீடியோ விளையாட்டுகள் வளர்க்கின்றன என்பதை மறுப்பது நியாயமாகாது. அளவு மீறினால் வியாதியாகும் என்பதும் உண்மையே. உலகச் சுகாதார ஸ்தாபனம் அத்தகைய நிலையைத் தனது நோய்ப் பட்டியலில் சேர்த்து, அப்பட்டியல் 2022ம் வருஷம் ஜனவரி முதல் அமலுக்கு வந்திருக்கிறது. ஆனால் அளவு மீறினால் கெடுதல் செய்யாத பொருள் யாது?

இரண்டாவதாக, இவ்விஷயத்தில் பலர் செய்கிற ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். பணத்தைப் பந்தயமாக வைத்து இணையத்தில் ஆடும் சூதாட்டம் வேறு. நாம் இங்கே ஆராயும் விளையாட்டு வேறு. முன்னதைப் பற்றி நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. தமிழ்நாட்டில் அது குடும்பங்களை அழித்ததையும் உயிர்களைக் குடித்ததையும் அனைவரும் அறிவர். நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் அமைந்த குழுவின் யோசனைக்குப் பிறகு, 2022ம் வருஷம் நமது சட்டசபை தடைச் சட்டம் இயற்றியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். சபை 2023ம் வருஷம் மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் அது சட்டமாயிற்று. பின்னர் 2025ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டும் தேசம் முழுமைக்குமாக ஒரு சட்டம் செய்தது. அந்த மத்தியச் சட்டத்தில் ஓர் அம்சத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பணப் பந்தய விளையாட்டுகளை அது விலக்குகிறது. ஆனால் சந்தா கட்டியோ, ஒரே தடவை கட்டணம் செலுத்தியோ ஆடும் விளையாட்டை, அக்கட்டணம் பந்தயமாகாத வரையில், அனுமதிக்கிறது. இந்த வேற்றுமை மிகவும் சரியானது. பந்தயக்காரன் ஜயிக்கலாம் என்ற பேராசையை விற்கிறான். சந்தாக்காரன் பொழுதுபோக்கை விற்கிறான். முன்னதைச் சட்டம் தடுக்க வேண்டும். பின்னதை வாங்குகிறவன் தன் புத்தியைக் கொண்டு எடை போட வேண்டும்.

எடை போடுவது எப்படி? வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு, எந்த வியாபாரத்தைப் பார்த்தாலும் முதலில் எழும் கேள்வி, இது கிரயமா, குத்தகையா என்பதே. வையம்பட்டி அன்பருக்கு இவ்விரண்டின் பேதத்தை நாம் போதிக்க வேண்டியதில்லை. கிரயம் வாங்கிய நிலம் பிள்ளை பேரனுக்குச் சேரும். குத்தகை நிலத்தில் எவ்வளவு எரு இட்டாலும், கெடு முடிந்தால் வரப்பை விட்டு இறங்க வேண்டியதுதான். குத்தகை எடுப்பது தவறன்று. குத்தகையைக் கிரயமென்று நம்பி எடுப்பதுதான் தவறு.

மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2017ம் வருஷம் ஜூன் மாதம் தொடங்கிய கேம் பாஸ் என்னும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஒரு தொகை கட்டினால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை ஆடலாம். கட்டுவதை நிறுத்தினால் கதவு சாத்தப்படும். பட்டியலில் உள்ள விளையாட்டுகளும் நிலையானவையல்ல. சில வரும், சில போகும். ஸோனி கம்பெனியாரும் இது போன்ற சந்தாவை நடத்துகின்றனர். 2024ம் வருஷம் பிப்ரவரியில் கேம் பாஸுக்கு மட்டும் 3 கோடியே 40 லட்சம் சந்தாதாரர் இருப்பதாகக் கம்பெனியாரே அறிவித்தனர்.

இதன் சாதகங்களை மறைப்பது நமது நோக்கமன்று. புதிதாக வெளிவரும் பெரிய விளையாட்டு ஒன்றைக் கிரயம் வாங்க வேண்டுமானால் நமது நாட்டில் ஏறக்குறைய 5,000 ரூபாய் வரை ஆகிறது. நடுத்தரக் குடும்பத்துப் பையன் ஒருவன் அவ்விதம் வருஷத்துக்கு ஒன்று வாங்குவதே கடினம். வாங்கிய பிறகு அது பிடிக்காமற் போனால் அப்பணம் தண்ணீரில் போட்டது போலத்தான். சந்தா முறையிலோ பலவற்றை ருசி பார்க்கலாம், பிடித்ததைத் தொடரலாம், பிடிக்காததைத் தள்ளலாம். நிதானமாகவும் ஒழுங்காகவும் ஆடுகிறவனுக்கு இது லாபமான ஏற்பாடே ஆகும்.

நமது தமிழுக்கே இதனால் ஒரு நன்மை விளைந்திருக்கிறது. கானடா தேசத்தில் டொராண்டோ நகரத்தில் சில இளைஞர்கள் கூடி, வெண்பா என்ற பெயருடன் ஒரு விளையாட்டை இயற்றி, 2023ம் வருஷம் ஜூலை 31ந் தேதி வெளியிட்டனர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறிய ஒரு தம்பதிகளின் கதை அது. தாயார் கொடுத்த சமையற் குறிப்பேடு கிழிந்து சிதைந்திருக்கிறது. அதில் அழிந்த பகுதிகளை ஊகித்து, இட்டிலி முதலிய பதார்த்தங்களைச் செய்து முடிப்பதே ஆட்டம். அதனூடே, தமிழ் பேச வெட்கப்படும் மகனைப் பெற்ற தாயின் மனவேதனையும் விரிகிறது. சுடுவதும் வெட்டுவதும் அதில் இல்லை. அவ்விளையாட்டு 2024ம் வருஷம் பிரிட்டிஷ் திரைக்கலை ஸ்தாபனமாகிய பாப்டாவின் அறிமுக விளையாட்டுப் பரிசைப் பெற்றது. வெளியான அன்றே கேம் பாஸ் சந்தாதாரர்களுக்கு அது கிடைத்தது. இட்டிலி என்ற சொல்லையே கேட்டறியாத எத்தனையோ அயல்நாட்டார், பணம் கொடுத்துத் தனியாக வாங்கியிருக்க மாட்டார்கள். பட்டியலில் இருந்தமையால் திறந்து பார்த்திருப்பார்கள். சந்தா முறை சிறு கைவினைஞருக்கு ஒரு கதவைத் திறக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி மறு பக்கத்தைப் பார்ப்போம். கேம் பாஸின் உயர்ந்த வகுப்புச் சந்தா 2019ம் வருஷத்தில் அமெரிக்காவில் மாதம் ஏறக்குறைய 15 டாலராக ஆரம்பித்தது. 2023ல் 17 டாலராயிற்று. 2024ல் 20 டாலராயிற்று. 2025ம் வருஷம் அக்டோபரில் ஒரே தாவலில் 30 டாலராக உயர்த்தப்பட்டது. ஆறு வருஷங்களில் இரு மடங்கு. இடையில் 2023ம் வருஷம் அதே கம்பெனி ஆக்டிவிஷன் என்னும் பெரிய விளையாட்டுக் கம்பெனியை ஏறக்குறைய 6,900 கோடி டாலர் விலைக்கு வாங்கிக்கொண்டது. முதலில் மலிவாகக் கொடுத்துப் பழக்கப்படுத்துவது, பிறகு சந்தையைக் கைக்குள் கொண்டுவருவது, கடைசியில் விலையை உயர்த்துவது என்ற முறை நமக்குப் புதிதா? 1906ம் வருஷம் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியபோது, வெள்ளையர் கம்பெனி செய்தது என்ன? பிரயாணக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டிக்காரனை வற்றச் செய்ததே அதன் தந்திரம். மலிவை மட்டும் பார்த்து அக்கப்பலில் ஏறினவர்கள், தமது சொந்தக் கப்பல் மூழ்குவதற்குத் தாமே கூலி கொடுத்தவர்களாயினர். இங்கே அடக்குமுறை இல்லை, ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகையால் இரண்டும் ஒன்றென்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும் மலிவு என்பது வியாபாரத்தின் முதல் அத்தியாயமேயன்றி முழுப் புஸ்தகமுமன்று என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவே.

கிரயம் வாங்கியதாக நினைத்தவர்களுடைய நிலையும் நிம்மதியானதன்று. யூபிஸாப்ட் என்னும் பிரெஞ்சுக் கம்பெனி 2014ம் வருஷம் தி க்ரூ என்ற மோட்டார்ப் பந்தய விளையாட்டை விற்றது. முழு விலையும் கொடுத்து ஜனங்கள் வாங்கினர். 2024ம் வருஷம் மார்ச்சு 31ந் தேதி கம்பெனி தனது இயந்திரங்களை நிறுத்தியது. தனியாக ஆடுகிறவரும் அன்றோடு அதை ஆட முடியாமற் போயிற்று. இதனால் எழுந்த கிளர்ச்சியில் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர், விற்ற விளையாட்டைக் கொல்லாதே என்ற கோரிக்கையில் கையொப்பமிட்டிருக்கின்றனர். கூகிள் கம்பெனியார் ஸ்டேடியா என்ற பெயரில் நடத்திய விளையாட்டு ஏற்பாட்டை 2023ம் வருஷம் ஜனவரியில் மூடியபோது, விளையாட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர். அது பாராட்டத் தக்கதே. ஆனால் சந்தாவாகக் கட்டிய பணம் திரும்பவில்லை. குத்தகைக்காரனுக்கும் கிரயம் பெற்றவனுக்கும் உள்ள பேதம் அங்கே வெட்ட வெளிச்சமாயிற்று.

நமது நாட்டிலும் அனுபவம் உண்டு. 2020ம் வருஷம் செப்டம்பர் 2ந் தேதி, எல்லைத் தகராறின் காரணமாக, பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை மத்திய சர்க்கார் தடை செய்தனர். தேசப் பாதுகாப்பை முன்னிட்டுச் செய்த அக்காரியத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விளையாட்டு இலவசம் என்று சொல்லி நுழைந்து, பொம்மைக்குச் சட்டையும் துப்பாக்கிக்கு வர்ணமும் விற்றுப் பணம் சேர்த்த விளையாட்டு. சிறுவர்கள் காசு கொடுத்து வாங்கிய அலங்காரங்களெல்லாம் எட்டாக் கனியாயின. மறு வருஷம் கொரியக் கம்பெனி அதை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தபோது பழையவற்றைச் சிலர் மீட்டுக்கொண்டனர். 2022ல் அதுவும் மறைந்தது. 2023ல் மீண்டும் தோன்றியது. தன் சொத்து என்று நினைப்பது தன் கையில் இல்லாதவனுடைய கதி இதுவே. இலவச விளையாட்டைப் பற்றி நாம் சொல்வது இவ்வளவுதான்: சந்தாவில் செலவு இவ்வளவென்று முன்கூட்டியே தெரிகிறது, இலவசத்தில் அது மாத முடிவில்தான் தெரிகிறது. இரண்டில் பின்னதே அதிக அபாயமானது.

பத்திரிகை நடத்துகிற நீங்களே சந்தாவைப் பழிக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாமும் சந்தாதாரர்களின் தயவில் ஜீவிப்பவரே. ஆனால் எமது சந்தாவை ஒருவர் நிறுத்தினால், அதுவரையில் வந்த பத்திரிகைகளை அவர் வீட்டிலிருந்து நாம் அள்ளிக்கொண்டு வருவதில்லை. படித்து முடித்தவர் அதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம், கத்தரித்து வைக்கலாம், மணப்பாறை முறுக்கு மடிக்கவும் கொடுக்கலாம். எம்மிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதனினும் சிறந்த உதாரணம் ஒன்று நம்மிடம் உண்டு. 1948ம் வருஷம் சென்னை மாகாணச் சட்டசபை பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. நூலக இயல் அறிஞர் ரங்கநாதன் அவர்களின் முயற்சியும், கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அவர்களின் ஆதரவும் அதற்குக் காரணம். சுதந்தர இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதற் சட்டம். வீட்டு வரியோடு சேர்த்து நாம் செலுத்தும் நூலக வரி என்ன? அதுவும் ஒரு சந்தாவே. ஊரார் எல்லாரும் சிறுகச் சிறுகக் கட்டுகிறோம். ஆனால் புஸ்தகம் ஊரிலேயே நிற்கிறது. இந்த வருஷம் வரி கட்டினவருடைய பேரன் ஐம்பது வருஷங் கழித்து அதே புஸ்தகத்தை எடுத்துப் படிக்கிறான். ஆகவே நமக்குச் சந்தாவின் மேல் கோபமில்லை. எந்தச் சந்தாவின் முடிவில் ஊருக்கும் வீட்டுக்கும் ஏதேனும் மிஞ்சுகிறது என்பதே நாம் கேட்கிற கேள்வி.

இப்பொழுது அன்பருக்கு நேராகவே பதில் சொல்கிறோம். மாதச் சந்தா 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 6,000. ஐந்து வருஷத்துக்கு 30,000. ஐந்தாம் வருஷக் கடைசியில் கையில் மிஞ்சுவது ஞாபகம் மட்டுமே. மகன் வருஷத்தில் ஏழெட்டு விளையாட்டுகளை முடிக்கிறவனாயின் அக்கணக்குக் கட்டும். ஒரே விளையாட்டைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறவனாயின் கட்டாது. அந்த ஒன்றை, விலை குறையும் காலம் பார்த்து வாங்கிவிடுவதே சிக்கனம். மைன்கிராப்ட் போன்ற விளையாட்டை ஒரு தடவை வாங்கியவர்கள் பல வருஷம் அதை ஆடுவதை நாம் பார்க்கிறோம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சந்தா கட்டி, கல்லூரி திறந்ததும் நிறுத்திவிடுவது மத்தியமான வழி. எப்படியாயினும், தகப்பனாரும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும். தகப்பனாருக்குத் தெரியாமல் ஆடும் பிள்ளையும், பிள்ளை என்ன ஆடுகிறான் என்று விசாரிக்காமல் வைகிற தகப்பனாரும் சமமாகவே தவறு செய்கின்றனர்.

நிறுத்திய பின்னும் பணம் பிடிக்கப்பட்டது பற்றி: இதற்குச் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ரிசர்வ் பாங்கியின் ஏற்பாட்டின்படி, 2021ம் வருஷம் அக்டோபர் முதல், இத்தகைய தொடர் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகக் கணக்குக்காரருக்கு அறிவிப்பு வர வேண்டும். கொடுத்த உத்தரவை ரத்து செய்யவும் வழி இருக்க வேண்டும். சந்தாவில் எளிதாக நுழையவிட்டு வெளியேறும் வழியை மறைப்பதைச் சந்தாப் பொறி என்று பெயரிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ம் வருஷம் நவம்பரில் விலக்கியிருக்கிறது. அன்பர் தமது பாங்கியில் உத்தரவை உடனே ரத்து செய்து, கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிட்டு, பதில் வராவிடில் திருச்சியிலுள்ள ஜில்லா நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தொகை சிறியதென்று விடலாகாது. சிறிய தொகையை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்திலேதான் இவ்வியாபாரம் நடக்கிறது.

ஆயினும் அறிவிப்பு இங்கிலீஷில் வருமானால், வையம்பட்டிக் கடைக்காரர் அதை விளம்பரமென்று ஒதுக்குவது இயல்பே. சர்க்கார் செய்ய வேண்டியவை இரண்டு. பணப் பிடித்தத்தைப் பற்றிய அறிவிப்புத் தமிழில் வரவேண்டும். இரண்டாவது, பொருளைக் குத்தகைக்கு விடுகிறவன் அதைக் கிரயம் என்று சொல்லி விற்பது தடுக்கப்பட வேண்டும். கலிபோர்னியா மாகாணத்தில் 2025ம் வருஷம் ஜனவரி முதல் அமலிலுள்ள சட்டப்படி, உரிமைச் சீட்டு மட்டும் கொடுக்கிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் வாங்கு என்ற சொல்லை உபயோகிக்கக் கூடாது. இக்கம்பெனிகளில் சிலவற்றுக்குத் தாய்வீடான ராஜ்யத்திலேயே சாத்தியமானது நமது தேசத்தில் ஏன் சாத்தியமாகாது?

நமது வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. திருச்சியில் 1964ம் வருஷம் தோன்றிய தேசியத் தொழில் நுட்பக் கழகத்திலிருந்தும் மற்றக் கல்லூரிகளிலிருந்தும் வருஷந்தோறும் திறமைசாலிகள் வெளிவருகின்றனர். நாலைந்து பேர் கூடி இயற்றிய ஓர் இட்டிலிக் கதை லண்டனில் பரிசு பெறுமாயின், காவேரிக் கரையிலும் கடவூர் மலையடியிலும் உள்ள கதைகள் எத்தனை! உலகத்துக்குச் சந்தா கட்டுகிற ஜாதியாகவே நாம் இருந்துவிட வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆடுகிறவன் ஒரு நாள் ஆட்டத்தை இயற்றுகிறவனாவானாயின், அவன் முன்பு கட்டிய சந்தாவைப் பள்ளிக் கட்டணம் என்றே நாம் கருதுவோம்.

வையம்பட்டி அன்பருக்கு நமது முடிவான யோசனை: மகனிடமிருந்து விளையாட்டைப் பிடுங்க வேண்டாம், பாங்கி உத்தரவை மட்டும் இன்றே பிடுங்கிவிடுங்கள். வேண்டும்போது அவன் உங்களிடம் வந்து, என்ன விளையாட்டு, எத்தனை நாள், என்ன விலை என்று சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.